சோம்பேறிகளுக்கு ஊட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்ச் பிறந்தால் போதும், ஊட்டியில் குடியிருப்பவனுக்குத் திடீரென்று சொந்தக்காரர்கள் கூடிவிடுவார்கள். "எப்படி இருக்கே, அங்கே இப்போ குளிரா?" என்று தொடங்கும் போன், "ரூம் ஏதாவது சல்லிசா கிடைக்குமா?" என்று முடியும். நடுவில் வருகிற கேள்விகள் வருஷா வருஷம் ஒன்றுதான் என்பதால் பதில்களை மொத்தமாக எழுதி வைத்துவிட்டேன். இனி போன் வந்தால் இதை வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டு நான் தூங்கப் போகலாம்.

என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீலகிரிக்கு வருகிறவர்களில் மலைக்கு ஆகக் குறைந்த தொல்லை கொடுப்பவர் சோம்பேறி. ஒன்பது மணிக்கு எழுவார். திண்ணையோ பால்கனியோ கிடைத்தால் டீயோடு உட்கார்ந்துவிடுவார். 'இன்னும் ஆறு பாயின்ட் பாக்கி' என்று யாராவது சொன்னால், 'நீங்க போயிட்டு வாங்க' என்பார். அவரால் டிராஃபிக் இல்லை, குப்பை இல்லை, குரங்குக்குச் சர்க்கரை நோயும் இல்லை. கீழே இருக்கும் பதில்கள் எல்லாம் உங்களை அவர் பக்கம் இழுக்கிற முயற்சி.

பொறுப்பான சுற்றுலா என்கிறார்களே, அதில் ஜாலி உண்டா இல்லையா?

உண்டு. நீங்கள் வருகிற இடத்தில் ஏற்கெனவே ஆட்கள் குடியிருக்கிறார்கள், பக்கத்துக் காட்டில் மிருகங்கள் இருக்கின்றன, குழாயில் வருகிற தண்ணீர் ஏதோ ஓர் அணையிலிருந்து வருகிறது. இது ஞாபகத்தில் இருந்தாலே முக்கால்வாசி பொறுப்பு வந்துவிடும். அதற்காக முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, மரத்தைப் பார்த்தால் கும்பிட்டு, பிள்ளைகளுக்கு வழி நெடுக சுற்றுச்சூழல் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அப்படி ஒருவர் உங்கள் காரில் இருந்தால் மேட்டுப்பாளையத்திலேயே இறக்கிவிடுங்கள். பஸ்ஸில் வரட்டும், பொறுப்பும் கூடும்.

இ-பாஸ் எதற்கு? ஊட்டி என்ன வெளிநாடா?

2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுத்துத்தான் வர வேண்டும் என்பது சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு. காசு கிடையாது, இணையத்தில் விவரத்தைப் பதிந்தால் பாஸ் வந்துவிடும். 2025-ல் இன்னும் ஒரு படி மேலே போய், ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், சனி ஞாயிறுகளில் 8,000 வண்டிகள் என்று உச்சவரம்பு வைத்தார்கள். விதிமுறை சீசனுக்குச் சீசன் மாறும், கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.

8,000 என்பது கேட்கச் சின்ன எண்ணிக்கையாகத் தெரியும். வண்டிக்கு நாலு பேர் என்று வைத்தாலே 32,000 பேர். 2011 கணக்கெடுப்பில் ஊட்டி நகரத்தின் மொத்த மக்கள் தொகையே சுமார் 88,000தான். அத்தனை பேரும் சாயங்காலம் அதே சேரிங் கிராஸில், அதே கமர்ஷியல் ரோட்டில், அதே சாக்லேட் கடை வாசலில் நிற்பார்கள். கல்லாறு செக்போஸ்ட்டில் பாஸைக் கேட்கும் ஊழியரிடம், "நான் யார் தெரியுமா?" என்று கேட்காதீர்கள். அவர் அன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு நொந்து போயிருப்பார்.

உள்ளூர் வண்டிகளுக்கும் அரசு பஸ்ஸுக்கும் இந்தத் தொல்லை இல்லை. சோம்பேறிக்கு இது முதல் வெற்றி: பாஸ் எடுக்கவே சோம்பலாக இருந்தால் பஸ்ஸில் ஏறிவிடலாம்.

எந்த மாதம் வரலாம்? மே மாதம்தானே விசேஷம்?

மே மாதம் மலர்க் கண்காட்சி. 1848-ல் தொடங்கிய தாவரவியல் பூங்காவில் பூக்களை லட்சக்கணக்கில் அடுக்கி, யானை, கோட்டை, ரயில் என்று ஏதாவது செய்து வைத்திருப்பார்கள். நன்றாகத்தான் இருக்கும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பூவைப் பார்க்க உங்களுக்கு முன்னால் நிற்பவரின் முதுகைத் தாண்ட வேண்டும். கல்யாண வீட்டில் முதல் பந்தி எழுவதற்குள்ளேயே நாற்காலிக்குப் பின்னால் ஆள் நிற்குமே, மே மாத ஊட்டி அப்படித்தான்.

செப்டம்பர், அக்டோபரில் இரண்டாவது சீசன் உண்டு. பூங்காவில் அப்போதும் பூ இருக்கும், அறை வாடகையும் இறங்கியிருக்கும். டிசம்பர், ஜனவரியில் விடியற்காலையில் புல்வெளியெல்லாம் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். அதைப் பார்க்க ஆறு மணிக்கு எழ வேண்டும் என்பதுதான் ஒரே குறை.

மழை மாதங்களில் வருவதென்றால் வானிலை எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு வாருங்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. 2009 நவம்பரில் நிலச்சரிவுகளில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். கலெக்டர் "வராதீர்கள்" என்று சொன்னால் அதில் சஸ்பென்ஸ் எதுவும் இல்லை, வராதீர்கள்.

காரா, பஸ்ஸா, ரயிலா?

டிக்கெட் கிடைத்தால் ரயில். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குக் கிளம்பும். 46 கிலோமீட்டரைக் கடக்க மதியம் ஆகிவிடும். இதைவிடச் சோம்பேறிக்கு உகந்த வண்டி இந்தியாவில் இல்லை என்று நினைக்கிறேன். 208 வளைவு, 16 குகை, 250 பாலம். கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவில் பற்சட்டம் இருக்கும். எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். பன்னிரண்டடி போனால் ஓரடி உயரம், அப்படி ஒரு ஏற்றம். எஞ்சின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகும். குன்னூர் வரை 1899-ல் ஓடத் தொடங்கி, 1908-ல் ஊட்டியைத் தொட்டது. 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இவ்வளவு பெருமை இருப்பதால் டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. முன்பதிவு திறந்தவுடன் உட்கார்ந்துவிட வேண்டும்.

குகை வந்தால் எல்லாரும் 'ஓ' என்று கத்துவார்கள். இது இந்த ரயிலில் எழுதப்படாத சட்டம். கத்திக்கொள்ளுங்கள், குகைக்குள்ளே வவ்வாலைத் தவிர யாரும் கோபிக்கப் போவதில்லை. ஜன்னல் வழியாகச் சிப்ஸ் பாக்கெட்டைப் பறக்கவிடுவதுதான் கூடாது. அந்தச் சரிவில் இறங்கிப் பொறுக்க ஆளே கிடையாது.

டிக்கெட் கிடைக்காவிட்டால் அரசு பஸ். டிரைவர் அந்த வளைவுகளைத் தினமும் பார்ப்பவர். நீங்கள் முதல்முறையாகப் பார்ப்பவர். யார் ஓட்டினால் குடும்பத்துக்கு நல்லது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

சரி, கார்தான் என்று முடிவாகிவிட்டது. மலைப்பாதையில் என்ன கவனிக்கணும்?

ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர். இறக்கத்தில் டாப் கியரில் விட்டு பிரேக்கை மட்டுமே நம்பினால், கருகல் வாடை வரும். அது பக்கத்து வண்டியிலிருந்து வரவில்லை. ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுங்கள்; நின்றால் மறுபடி இழுப்பது அவருக்குத்தான் கஷ்டம். வளைவில் ஹாரன் அடிக்கலாம். காட்டுக்குள் அடிக்க வேண்டாம்.

கொண்டை ஊசி வளைவில் வண்டியை நிறுத்தி போட்டோ எடுக்கிற குடும்பங்கள் உண்டு. பின்னால் பஸ் நிற்கும். பஸ்ஸுக்குப் பின்னால் ஆம்புலன்ஸும் நிற்கலாம். பின்னணியில் தெரிகிற அந்தப் பள்ளத்தாக்கு இன்னும் ரெண்டு வளைவு தாண்டினால் நிறுத்த இடமிருக்கிற ஓரத்திலும் தெரியும். நான் உத்தரவாதம்.

மசினகுடிக்குக் கல்லட்டி வழியாக இறங்கலாமே, கூகுள் மேப் அதைத்தான் பக்கம் என்று காட்டுகிறது என்பார்கள். 36 கொண்டை ஊசி வளைவு, கடும் இறக்கம். 2018-ல் சென்னையிலிருந்து வந்த ஒரு கார் அங்கே பள்ளத்தில் விழுந்ததை இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு வெளியூர் வண்டிகளை அந்த வழியாக இறங்க விடுவதில்லை. கூடலூர் சுற்றிப் போங்கள். கூகுளுக்கு பிரேக் கிடையாது, உங்களுக்கு உண்டு.

வாந்தி வருமே?

வரும். எலுமிச்சம்பழத்தை முகருங்கள், முன்சீட்டில் உட்காருங்கள், போனைப் பார்க்காதீர்கள், மேட்டுப்பாளையத்தில் பரோட்டாவை மூன்றோடு நிறுத்துங்கள். கைவசம் ஒரு காகிதப் பை இருக்கட்டும். பயன்படுத்திய பையைச் சோலைக்குள் வீசி எறியாமல் குப்பைத் தொட்டி வரும்வரை வைத்திருப்பவரைத்தான் நான் பொறுப்பான பயணி என்பேன். கஷ்டமான பரீட்சைதான்.

தண்ணீர் பாட்டில் கொண்டுவரக் கூடாதாமே? தாகம் எடுத்தால் என்ன செய்வது?

தாகத்துக்குத் தடை இல்லை, பிளாஸ்டிக்குக்குத்தான் தடை. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் தமிழ்நாடு முழுக்க 2019 ஜனவரி 1 முதல் தடை. நீலகிரியில் அதற்கு மேலேயும் கண்டிப்பு: கடைகளில் விற்கிற அந்த ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில்களுக்கும் அனுமதி இல்லை. செக்போஸ்ட்டில் டிக்கியைத் திறக்கச் சொல்வார்கள். அங்கே ஒரு கேஸ் தண்ணீர் பாட்டிலைப் போர்வையால் மூடி வைத்துவிட்டு, "மாமியார் சாமான்" என்று சொன்ன ஒருவரை நான் அறிவேன். மாமியாரும் அதே வண்டியில் இருந்தார். அபராதத்தைவிட அது பெரிய செலவாகிவிட்டது.

வீட்டிலிருந்து ஸ்டீல் பாட்டில் கொண்டுவந்தால் கதை முடிந்தது. ஊரெங்கும் தண்ணீர் ஏடிஎம் வைத்திருக்கிறார்கள், காசு போட்டால் பிடித்துக்கொள்ளலாம். சில நேரம் ஏதாவது ஒன்று வேலை செய்யாது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஓட்டலில் கேட்டால் வெந்நீரே தருவார்கள். கையில் ஒரு மஞ்சப்பையும் இருக்கட்டும். கேரட் வாங்காமல் நீங்கள் திரும்பப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும்.

தண்ணீர் பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன். ஊட்டி நகரத்துக்குக் குடிநீர் பெரும்பாலும் பார்சன்ஸ் வேலி அணையிலிருந்து வருகிறது. கோடையில், அதாவது நீங்கள் எல்லாரும் வருகிற நேரத்தில், எங்கள் தெருக்களில் முறை வைத்துத்தான் தண்ணீர் விடுவார்கள். குளிருக்கு இதமாக இருக்கிறது என்று கீசரைத் திறந்துவிட்டு அரைமணி நேரம் நின்று குளிக்கிற சொந்தக்காரரை என்ன சொல்வது? இந்தக் குளிரில் தினமும் குளித்தே ஆக வேண்டும் என்று சாஸ்திரம் எதுவும் இல்லை. சோம்பேறிகள் இதைப் புரிந்துவைத்திருக்கிறார்கள்.

குரங்கு பாவம், ஒரு பிஸ்கட் கொடுத்தால் என்ன தப்பு?

குழந்தை கொடுக்கும், நீங்கள் வீடியோ எடுப்பீர்கள், குரங்கு அழகாகக் கை நீட்டி வாங்கும். உங்கள் வீடியோ அங்கே முடிந்துவிடும். குரங்கின் கதை அப்புறம்தான் தொடங்குகிறது.

காட்டில் பழம், இலை, பூச்சி என்று தேடித் தின்ன ஒரு நாட்டுக்குரங்குக்கு நாளின் பெரும்பகுதி ஆகும். அப்படித் தின்கிறபோதுதான் விதைகள் அங்கங்கே விழுந்து மரமாகின்றன. ரோட்டோரம் உட்கார்ந்தால் ரெண்டு நிமிஷத்தில் கிரீம் பிஸ்கட் கிடைக்கும் என்று தெரிந்த பிறகு எந்தக் குரங்கு காட்டுக்குள் போகும்? நம்மைப் போலத்தான் அதுவும். ரோட்டோரமே வீடாகிறது. வண்டியில் அடிபட்டுச் சாகிறது. கொடுக்காதவரிடம் பிடுங்கக் கற்றுக்கொள்கிறது. அடுத்து வருகிற பாட்டியின் கைப்பையைப் பிடித்து இழுக்கிறது. பாட்டி கீழே விழுகிறார். கடைசியில் "குரங்குத் தொல்லை" என்று பேப்பரில் செய்தி வரும். பிஸ்கட் கொடுத்தவர் பேர் அதில் இருக்காது.

சரணாலயங்களுக்குள் காட்டு விலங்கைச் சீண்டுவதும் குப்பை போடுவதும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படியே தடை. சட்டம் போகட்டும். பிஸ்கட்டை நீங்களே தின்றுவிடுங்கள். காசு கொடுத்து வாங்கியது நீங்கள்தானே.

குன்னூரில் ரோட்டிலேயே காட்டெருமை நின்றது. சாதுவாகத்தான் இருந்தது. செல்ஃபி எடுக்கலாமா?

ஒரு டன் வரைக்கும் எடை இருக்கும் அதற்கு. சாதுவாக நிற்பது உண்மைதான், அது பாட்டுக்குத் தேயிலைத் தோட்டத்தில் மேய்ந்து, வீட்டுச் சந்து வழியாக நடந்து, கோத்தகிரி, குன்னூர் ஆட்களோடு ஒருமாதிரி பழகிவிட்டது. உள்ளூர்க்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள்: தூரத்திலேயே நிற்பார்கள், அது போகும்வரை பேசிக்கொண்டிருப்பார்கள், போனதும் நடப்பார்கள். பள்ளிக்கூடத்துக்கு லேட்டான பிள்ளைகூட நின்றுதான் போகும். முதுகைக் காட்டிக்கொண்டு அதன் பக்கத்தில் போய் நிற்கிற பழக்கம் வெளியூரிலிருந்து வந்தது.

முதுமலை சஃபாரி போனோம், யானையே வரவில்லை. காசைத் திருப்பித் தருவார்களா?

தரமாட்டார்கள். முதுமலை 1940-லிருந்து சரணாலயம், 2007-லிருந்து புலிகள் காப்பகம். உள்ளே இருக்கிற யாரும் சம்பளத்துக்கு வேலை பார்க்கவில்லை, தெப்பக்காடு முகாமின் வளர்ப்பு யானைகளையும் பாகன்களையும் தவிர. முகாமில் யானைகளுக்கு உணவு கொடுக்கிற நேரத்தில் போனால் ராகிக் களி உருண்டையை வாயில் வைப்பதைப் பார்க்கலாம். காட்டு யானை வந்தால் அதிர்ஷ்டம். வராவிட்டால் மானும் மயிலும் மூங்கிலும் மாயாறும் இருக்கின்றன.

காப்பகத்துக்குள் போகிற சாலையில் வண்டியை நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது. யானை ரோட்டைக் கடந்தால் எஞ்சினை அணைக்காமல், ஹாரன் அடிக்காமல் தள்ளி நின்று காத்திருங்கள். அது போக வேண்டிய இடத்துக்கு அதற்கு வழி தெரியும். மைசூர் பக்கம் போகிறவர்களுக்கு: பந்திப்பூர் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பொது வாகனப் போக்குவரத்து கிடையாது. 2009-லிருந்து இப்படித்தான். இரவில் விலங்குகள் அடிபட்டுச் செத்ததால் வந்த தடை அது. 8.55-க்கு செக்போஸ்ட்டுக்குப் பறந்து வருவதைவிட, ஊட்டியிலேயே இன்னொரு ராத்திரி தங்கித் தூங்குங்கள்.

காட்டுக்கு நடுவில் ரிசார்ட் கிடைக்குமா? நைட் கேம்ப் ஃபயர், டிஜே எல்லாம் வேணும்.

டிஜேதான் வேண்டும் என்றால் அதற்குக் காடு எதற்கு? உங்கள் ஊர்க் கல்யாண மண்டபமே போதும்.

இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. மசினகுடியை ஒட்டிய சீகூர் பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் யானைகள் போய்வருகிற வழி. அங்கே முளைத்த ரிசார்ட்டுகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் 2011-ல் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் அதை உறுதி செய்தது. அடுத்த ஜனவரியில், மசினகுடியில் ஒரு தங்கும் விடுதிப் பக்கம் வந்த யானையின் மேல் எரிகிற டயரை எறிந்தார்கள். காது வெந்து, அந்த யானை செத்துப்போனது. இதில் சிரிக்க எதுவும் இல்லை.

அதனால் அறை பிடிக்கும்போது உரிமம் இருக்கிறதா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். "ராத்திரி ஜீப்பில் காட்டுக்குள் கூட்டிப்போவோம்" என்று சொன்னால் அங்கே தங்காதீர்கள். இரவு சஃபாரிக்கு அனுமதியே கிடையாது. ஊருக்குள், ஒரு குடும்பம் நடத்துகிற ஹோம்ஸ்டே கிடைத்தால் விசேஷம். படுகர் வீட்டு அவரைக்குழம்பு எந்த பஃபேயிலும் கிடைக்காது. அறைக்கு பால்கனி உண்டா என்று மட்டும் பாருங்கள். சோம்பேறியின் தலைமையகம் அது.

கேம்ப் ஃபயர் பற்றி: ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பனியில் கருகிய புல் காய்ந்து கிடக்கும். ஒரு பொறி போதும். குளிருக்குப் போர்வை இருக்கிறது.

மாப்பிள்ளை, ஒரு சின்ன விஷயம். பார்ட்டி...?

புரிந்தது, மாமா. நீலகிரியில் 2022 மே மாதத்திலிருந்து டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குகிறார்கள். காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் திரும்பக் கிடைக்கும். நீதிமன்றம் சொல்லி வந்த திட்டம். காரணம், காட்டோரத்தில் உடைந்து கிடக்கும் கண்ணாடி யானையின் காலில் ஏறிவிடும். அவ்வளவு பெரிய உடம்பு, அந்தக் காலை நம்பித்தான் நிற்கிறது. சீழ் பிடித்தால் மெதுவாகச் சாகும்.

நாலு பாட்டில் என்றால் நாற்பது ரூபாய், மாமா. காலையில் டீயும் வர்க்கி பிஸ்கட்டும் ஆச்சு. அத்தைக்கும் சேர்த்து.

தோடர் கிராமத்தைப் பார்க்கணும். எப்படிப் போகலாம்?

பார்க்க வேண்டும் என்றால் எதைப் பார்க்க வேண்டும் என்று முதலில் யோசியுங்கள். மந்து என்பது அவர்கள் குடியிருக்கிற இடம். அங்கே ஒருவர் துணி துவைப்பார், ஒருவர் போன் பேசுவார், ஒரு பையன் ஹோம்வொர்க் செய்வான். அரைவட்டக் கூரை போட்ட பழைய வீடு ஒன்றிரண்டு இருக்கும். மற்றவை ஓட்டு வீடும் கான்கிரீட் வீடும்தான். "எல்லாம் மாறிப்போச்சு" என்று ஏமாற்றமடைகிறவர்கள், தாங்களும் வேட்டி கட்டி வில்வண்டியில் வரவில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள்.

தாவரவியல் பூங்காவின் மேல்பக்கத்திலேயே ஒரு மந்து இருக்கிறது. கேட்டுவிட்டு உள்ளே போங்கள், கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். எருமைப் பாலோடு சேர்ந்தது அவர்கள் வழிபாடு. கோயிலுக்கு அருகில் வெளியாட்கள் போகக் கூடாது, எல்லைக் கல்லோ சுவரோ இருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். பெரியவர்கள் இருந்தால் வணக்கம் சொல்லிப் பேசுங்கள். அவர்களுக்குப் பேசப் பிடித்தால் பேசுவார்கள், பிடிக்காவிட்டால் எருமையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இரண்டையும் மரியாதையாக ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

தோடர் மட்டும்தான் நீலகிரி என்றும் நினைக்க வேண்டாம். கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று இங்கே பழங்குடிகள் பலர்.

என்ன வாங்கலாம்?

தோடர் பூவேலைச் சால்வை. வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக, நூலை எண்ணி எண்ணிப் போடுகிற வேலை. 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெண்கள் வீட்டில் உட்கார்ந்து நாள்கணக்கில் போடுவது. முடிந்தால் அவர்களிடமோ அவர்கள் கூட்டுறவாக நடத்தும் இடத்திலோ வாங்குங்கள். விலை கூடத்தான் இருக்கும். இருநூறு ரூபாய்க்குக் கிடைத்தால் அது ஏதோ ஒரு மெஷின் போட்டது. பேரம் பேசுகிற ஆர்வத்தை ஆட்டோக்காரரிடம் வைத்துக்கொள்ளுங்கள். அவர் அதற்குத் தயாராக இருப்பார்.

வர்க்கி வாங்காமல் போகாதீர்கள். ஊட்டி வர்க்கிக்கும் 2023-ல் புவிசார் குறியீடு வந்துவிட்டது. டீயில் நனைத்துத் தின்ன வேண்டும். காரில் பிரித்தால் அடுத்த சர்வீஸ் வரைக்கும் சீட்டில் துகள் இருக்கும்.

யூகலிப்டஸ் தைலம் வாங்கலாம். மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது என்றாலும் மூக்கடைப்புக்கு அது தெரியாது. 'ஹோம்மேட் சாக்லேட்' விஷயத்தில் நான் எதுவும் சொல்ல மாட்டேன். இவ்வளவு சாக்லேட் செய்ய இங்கே இத்தனை வீடு இருக்கிறதா என்பது என்னுடைய நெடுநாள் சந்தேகம்.

குறிஞ்சி பூத்தால் நாலு கொத்து பறித்துக்கொள்ளலாமா? ரீல்ஸ் போடலாமா?

பன்னிரண்டு வருஷம் காத்திருந்து பூக்கிறது. பூத்து, விதை விட்டு, செடி செத்துவிடும். விதை விழுந்தால்தான் அடுத்த சுற்று. நீங்கள் பறிக்கிற கொத்து காரில் திரும்பி வருவதற்குள் வாடிவிடும். 2024 செப்டம்பரில் ஊட்டிக்குப் பக்கத்தில் பிக்கபத்தி மந்து அருகே பூத்தபோது, படத்தைப் பார்த்து ஆட்கள் கிளம்பிவிட்டார்கள், வனத்துறை அபராதம் என்று எச்சரிக்க வேண்டியதாயிற்று.

ரீல்ஸ் போடுங்கள், இடத்தின் பேரை மட்டும் போடாதீர்கள். "இது எங்கே ப்ரோ?" என்று கமெண்ட்டில் கேட்டால் "நீலகிரி" என்று சொன்னால் போதும். மாவட்டம் பெரிசு, அவர் தேடட்டும்.

இன்னொன்று. ரோட்டோரத் தேயிலைத் தோட்டம் யாரோ ஒருவருடையது. செடிக்கு நடுவில் இறங்கி ஆடுகிறவர்களுக்காகவே கடவுள் ரத்தம் குடிக்கும் அட்டையைப் படைத்திருக்கிறார்.

ட்ரெக்கிங் போகணும். லோக்கல் பையன் ஒருத்தன் கூட்டிப்போகிறேன் என்கிறான்.

வேண்டாம். 2018-ல் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் ட்ரெக்கிங் போனவர்கள் இருபது பேருக்கு மேல் இறந்தது ஞாபகம் இருக்கும். வனத்துறை அனுமதியோடு போக வழி இருக்கிறது: 2024 அக்டோபரில் அரசே 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளோடு தொடங்கியது, நீலகிரியிலும் பாதைகள் உண்டு. இணையத்தில் பதியலாம், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். அவரோடு வாயை மூடிக்கொண்டு நடங்கள். ப்ளூடூத் ஸ்பீக்கரை வீட்டில் விட்டுவிடுங்கள். காட்டில் ஏற்கெனவே பாடுகிறார்கள்.

ரெண்டு நாள் லீவு. பொட்டானிக்கல் கார்டன், லேக், தொட்டபெட்டா, பைக்காரா, டால்பின் நோஸ், முதுமலை, ஷூட்டிங் ஸ்பாட் எல்லாம் முடிச்சிடலாமா?

முடிக்கலாம். ஒவ்வொரு இடத்திலும் பார்க்கிங்கைப் பார்ப்பீர்கள். தொட்டபெட்டா 2,637 மீட்டர், நீலகிரியிலேயே உயரம்; சீசனில் மேலே போகிற ரோட்டில் வண்டியின் பின்விளக்கைத்தான் அதிக நேரம் ரசிக்க வேண்டியிருக்கும். ஏரி 1824-ல் கலெக்டர் ஜான் சல்லிவன் வெட்டியது. படகுக்கு வரிசையில் நின்று முடிக்கும்போது இன்னும் சில வருஷம் கூடியிருக்கும்.

என் திட்டம் இது. முதல் நாள் ஒரு இடம். காலையில் கேட் திறக்கும்போதே பூங்காவுக்குப் போய், கூட்டம் வரும்போது வெளியே வந்துவிடுங்கள். மதியம் தூக்கம். சாயங்காலம் ஊருக்குள் நடை. இரண்டாம் நாள் குன்னூர் வரை ரயிலிலோ பஸ்ஸிலோ போய், மார்க்கெட்டைச் சுற்றிவிட்டு, சிம்ஸ் பூங்காவில் ஒரு பெஞ்சைப் பிடித்து உட்கார்ந்து, திரும்புங்கள். "வேறே என்ன பார்த்தீங்க?" என்று ஊரில் கேட்பார்கள். "மேகம்" என்று சொல்லுங்கள், பொய்யும் இல்லை.

பெட்ரோல் மிச்சம், டிக்கெட் காசு மிச்சம், தம்பதிக்குள் சண்டை பாதியாகக் குறையும். மலையும் கொஞ்சம் மூச்சு விடும்.

கடைசியா ஒன்று. மங்கி குல்லா கட்டாயமா?

ஏப்ரல், மே பகலில் தேவையே இல்லை, வெயில் சுள்ளென்று அடிக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் காதே குல்லாவைக் கேட்கும். ஒரு ஸ்வெட்டரும் காதுக்கு ஏதாவது ஒன்றும் வீட்டிலிருந்தே எடுத்து வாருங்கள். மறந்துவிட்டால் தாவரவியல் பூங்காவுக்குப் பக்கத்தில் திபெத்தியர்களின் கடைகள் இருக்கின்றன, நல்ல கம்பளி உருப்படி கிடைக்கும். குல்லாவைப் போட்டுக்கொண்ட நிமிஷத்திலிருந்து ஜீப் புரோக்கர் முதல் குதிரைக்காரர் வரை எல்லாரும் உங்களை "சார், சைட் சீயிங்?" என்று கேட்பார்கள். அவர்களிடம், "இல்லைங்க, தூங்கப் போறேன்" என்று சொல்லிப் பாருங்கள். ரொம்ப மரியாதையாக வழி விடுவார்கள்.